கண்ண மூடாதீங்க, கால்ல இருந்து ஆரம்பிங்க

போன மாசம் மட்டும் நம்ம ஆளுங்க மூணு பேர் என்கிட்ட ஒரே கேள்வியத்தான் கேட்டாங்க. "அக்கா, மனசு சரியில்லன்னு தெரபிக்கு போனா அந்தம்மா உடம்புல எங்க தெரியுது எங்க தெரியுதுன்னே கேக்குறாங்க, நான் போனது தெரபிஸ்ட் கிட்டயா பிசியோ கிட்டயா"ன்னு. நியாயமான கேள்விதான், எனக்கும் ஆரம்பத்துல அதே குழப்பம்தான் இருந்துச்சு, ஆளுக்கு ஆள் வாய்ஸ் நோட் அனுப்புறதுக்கு ட்ராமாவுக்கு, அதாவது பெரிய அதிர்ச்சி விட்டுட்டு போற காயத்துக்கு, உடம்பு வழியா வேலை பாக்குற தெரபிய பத்தி ஒரே தடவையா எழுதி வச்சிடலாம்னு உக்காந்துட்டேன்.

முதல்லயே சொல்லிடுறேன், நான் தெரபிஸ்ட் கிடையாது. கல்யாணமாகி திருச்சியில இருந்து சவுத் ஆப்பிரிக்கா டர்பன் வந்தவ, இங்க நம்மாளுங்க நிறைய இருக்கிற சாட்ஸ்வொர்த்ல 18 வருஷமா இருக்கேன். 2019 கடைசியில எங்க வீட்டு கேட்டுக்கு முன்னாடியே கார ஹைஜாக் பண்ணிட்டாங்க. லோட் ஷெடிங் நேரம், கேட் மோட்டர் ஓடல, நான் எறங்கி கையால தள்ளிட்டு இருந்தேன், பின்னாடி திரும்பினா துப்பாக்கி. யாருக்கும் அடி படல, கார் போச்சு, இன்சூரன்ஸ் வந்துச்சு, ஊர்ல எல்லாரும் "உயிரோட இருக்கியே அதுவே போதும்"னாங்க. ஆனா அதுக்கப்புறம் ரெண்டு வருஷம் ரோபோல செவப்பு விழுந்தா (ஊர்ல இருந்து புதுசா வந்தவங்களுக்காக சொல்றேன், இங்க சிக்னலுக்கு பேரு ரோபோ) என் வலது கால் தொடையில இருந்து கீழ வரைக்கும் கட்ட மாதிரி விறைச்சுக்கும். நடந்தத நியூஸ் வாசிக்கிற மாதிரி யாருக்கு வேணா சொல்லுவேன், ஒரு சொட்டு கண்ணீர் வராது, கால் மட்டும் கேக்காது. அந்த கால வச்சுதான் நான் இந்த விஷயத்துக்குள்ளயே வந்தேன்.

ஏன் உடம்பு

ஆபத்து வந்தா உடம்பு சண்டைக்கோ ஓடுறதுக்கோ தயாராகும்னு வால்டர் கேனன் 1915லயே எழுதிட்டாரு. நெஞ்சு வேகமா அடிக்கும், ரத்தம் கை கால் தசைக்கு போகும், வயித்து வேலை நின்னுடும், வாய் காஞ்சுடும். பின்னாடி வந்தவங்க மூணாவதா ஒண்ணு சேத்தாங்க, உறைஞ்சு நிக்கிறது. இத தயவுசெஞ்சு ரெண்டு தடவ படிங்க, ஏன்னா இங்க ஹைஜாக்ல, வீடு புகுந்து அடிச்சதுல, பாலியல் வன்முறையில மாட்டினவங்க பாதி பேர தின்னுட்டு இருக்கிறது அந்த சம்பவம் இல்ல, "நான் ஏன் கத்தல, ஏன் ஓடல" ங்கற கேள்விதான். நானும் சாவிய நீட்டிட்டு மரம் மாதிரி நின்னேன். அது கோழைத்தனமும் இல்ல, நான் எடுத்த முடிவும் இல்ல, யோசிக்கிற மூளைக்கு சேதி போய் சேர்றதுக்கு முன்னாடியே அதுக்கு கீழ இருக்கிறது வேலைய முடிச்சிடுது.

பிரச்சனை என்னன்னா ஆபத்து போன அப்புறமும் சில பேருக்கு அந்த அலாரம் அணையறது இல்ல. எங்க மாமியாருக்கு 1949 ஜனவரியில டர்பன்ல இந்தியர்கள தாக்கின கலவரத்தப்போ 9 வயசு, இங்கயே கேட்டோ மேனர் ஏரியாவுல இருந்தாங்க, கட்டிலுக்கு அடியில தள்ளி மேல மூட்டைய போட்டு ஒளிச்சு வச்சாங்களாம். அப்புறம் இனம் இனமா பிரிச்சு குடியேத்தின குரூப் ஏரியாஸ் சட்டத்துல அந்த வீடே போயி சாட்ஸ்வொர்த் வந்தது தனி கதை. இன்னைக்கும் யாராவது கதவ வேகமா தட்டினா அவங்க கை முதல்ல அடிவயித்துக்கு போகும், அதுக்கப்புறம்தான் வாயில இருந்து "யாரு"ன்னு வரும். எழுபத்தஞ்சு வருஷம் ஆச்சு, பேத்திங்க பேரு சில நாள் மறந்து போகுது, இது மறக்கல.

பேசி பேசி சரி பண்றது மேல இருந்து கீழ போற வழின்னா, உடம்புல என்ன நடக்குதுன்னு கவனிச்சு அங்க இருந்து வேலை பாக்குறது கீழ இருந்து மேல வர்ற வழி. இதுல பல பள்ளிகள் இருக்கு. பீட்டர் லெவின் 1970கள்ல இருந்து வளத்தது சொமாட்டிக் எக்ஸ்பீரியன்சிங், பேட் ஆக்டன் கொண்டுவந்தது சென்சரிமோட்டர் சைக்கோதெரபி, யூஜின் ஜெண்ட்லின் சொல்லி குடுத்தது ஃபோகஸிங். மனப்பாடம் பண்ண வேணாம், தெரபிஸ்ட் வாயில வந்தா முழிக்காம இருந்தா போதும்.

ஆரம்பிக்கிறதுக்கு முன்னாடி ரெண்டு விஷயம்

ஒண்ணு, டாக்டர பாத்துடுங்க. நெஞ்சு படபடப்பு, மூச்சு முட்டுறது, கை மரத்து போறது எல்லாத்தையும் ட்ராமா கணக்குல எழுதிடாதீங்க, நம்ம சமூகத்துல சர்க்கரையும் ஹார்ட் பிரச்சனையும் எவ்ளோன்னு உங்க குடும்பத்திலயே எண்ணி பாத்தா தெரியும். தைராய்டு கூட இதே மாதிரி படபடப்ப குடுக்கும். ஒரு ஈசிஜி, ஒரு ரத்த டெஸ்ட், முடிஞ்சுது.

ரெண்டாவது கொஞ்சம் கஷ்டமான விஷயம். ஆபத்து இன்னும் முடியலன்னா, அதாவது அடிக்கிற ஆள் இன்னும் அதே வீட்லதான் இருக்கான்னா, உங்க உடம்பு அலாரம் அடிக்கிறது கோளாறு இல்ல, சரியா வேலை செய்யுது. அத அமைதிப்படுத்துற பயிற்சி இப்போ வேணாம், வெளிய வர்ற வழிதான் வேணும். அதுக்கு 0800 428 428, பாலின வன்முறைக்கான அரசாங்க கமாண்ட் சென்டர், 24 மணி நேரமும் இருக்கும், கால் இலவசம். உயிர விட்டுடலாம்னு நினைப்பு வருதுன்னா மனநலத்துக்கு உதவுற சாடாக் அமைப்பு நடத்துற 0800 567 567. இந்த ரெண்டு நம்பரையும் போன்ல இப்பவே போட்டு வச்சிடுங்க, வேற பேர்ல கூட சேவ் பண்ணலாம், "பாத்திரக்கடை"ன்னு.

ஆள தேடுறது

சவுத் ஆப்பிரிக்காவுல சைக்காலஜிஸ்ட்னு போட்டுக்கணும்னா எச்பிசிஎஸ்ஏல (மருத்துவ துறை ஆளுங்கள பதிவு பண்ற கவுன்சில்) பதிவு இருக்கணும், அவங்க வெப்சைட்ல பேர போட்டு தேடினா கிளினிக்கலா, கவுன்சலிங்கான்னு பிரிவோட வரும். ஆனா ட்ராமா கோச், சொமாட்டிக் ஹீலர், பாடி வொர்க் மாஸ்டர் இதெல்லாம் யார் வேணா போட்டுக்கலாம். அதுல நல்லவங்க இல்லன்னு சொல்லல, பெரிய காயத்தோட போறவங்க முதல் ஆளா அங்க போகாதீங்க. முதல்ல பதிவு பாருங்க, அப்புறம் அந்த பதிவுக்கு மேல உடம்பு சம்பந்தமா தனியா ட்ரெயினிங் எடுத்திருக்காங்களான்னு கேளுங்க.

காசு விஷயம். தனியார்ல ஒரு செஷன் ஆயிரம் ராண்ட தாண்டும். மெடிக்கல் எய்ட் (தனியார் மருத்துவ காப்பீடு) இருக்கிறவங்க ரிசப்ஷன்ல "சேவிங்ஸ் முடிஞ்சு போச்சு"ன்னு, அதாவது அதுல டாக்டர் செலவுக்கு ஒதுக்கின காசு தீந்துடுச்சுன்னு சொன்னதும் திரும்பி வந்துடாதீங்க. சமீபத்துல நடந்த பெரிய அதிர்ச்சியால வர்ற அக்யூட் ஸ்ட்ரெஸ் டிஸார்டர் பிஎம்பி லிஸ்ட்ல, அதாவது எல்லா ஸ்கீமும் கட்டாயம் செலவு ஏத்துக்க வேண்டிய லிஸ்ட்ல இருக்கு, 12 செஷன் வரைக்கும் ஸ்கீம் குடுத்தாகணும், ஆனா டயக்னோசிஸ் கோடு சரியா எழுதி நீங்க அப்ளை பண்ணணும், தானா வராது. இது எனக்கு அஞ்சாவது மாசம்தான் தெரிஞ்சுது, அதுக்குள்ள கைக்காசு போயாச்சு. மெடிக்கல் எய்ட் இல்லன்னா பக்கத்து கவர்மென்ட் கிளினிக்ல போய் ரெஃபரல் வாங்கி பெரிய ஆஸ்பத்திரி சைக்காலஜி பிரிவுக்கு போகலாம், காத்திருக்கணும், ஆனா வேலைக்கு ஆகும். படிச்சு முடிச்ச கிளினிக்கல் சைக்காலஜிஸ்ட் எல்லாரும் ஒரு வருஷம் கவர்மென்ட்ல கம்யூனிட்டி சர்வீஸ் பண்ணித்தான் ஆகணும், அதனால அங்க சின்ன பசங்கதான் இருப்பாங்க, சின்ன பசங்கன்னு எடை போட்டுடாதீங்க.

போன்ல கேக்க வேண்டியது: ட்ராமா கேஸ் பாக்குறீங்களா, செஷன் நடுவுல எனக்கு தாங்க முடியாம போனா என்ன பண்ணுவீங்க, தொட்டு வேலை செய்வீங்களா. மூணாவது கேள்விக்கு "உங்கள கேக்காம தொட மாட்டோம், வேணாம்னா கடைசி வரைக்கும் வேணாம்"ன்ற மாதிரி பதில் வரணும். நிறைய பேர் தொடவே மாட்டாங்க, தொடாமலே இந்த வேலை முழுசா நடக்கும்.

ஓடி வந்துட வேண்டிய இடமும் சொல்லிடுறேன். ஒரே செஷன்ல எல்லாத்தையும் வெளிய எடுத்துடலாம்னு சொல்றவங்க. முதல் நாளே முழு கதையையும் சொல்லுன்னு நெருக்குறவங்க. அப்புறம் இது ரொம்ப முக்கியம், "உங்க இடுப்பு இறுகி இருக்கு, சின்ன வயசுல உங்களுக்கு ஏதோ நடந்திருக்கு, உங்களுக்கு ஞாபகம் இல்ல"ன்னு சொல்றவங்க. இடுப்பு இறுகினா இடுப்பு இறுகியிருக்கு, அவ்ளோதான் அர்த்தம். உடம்புல தெரியுற எதையும் வச்சு மறந்து போன சம்பவத்த கண்டுபிடிக்க முடியாது, அப்படி கிளறி கிளறி நடக்காத ஞாபகத்த மண்டைக்குள்ள ஏத்தி குடும்பமே சிதறின கேஸ்கள் அமெரிக்காவுல 1980, 90கள்ல நிறைய கோர்ட்டுக்கே போயிருக்கு.

முதல் ரெண்டு மூணு செஷன்

சப்புன்னு இருக்கும். சினிமாவுல வர்ற மாதிரி யாரும் தலகாணிய அடிச்சு கத்த மாட்டாங்க. எந்த சேர் வேணும்னு கேப்பாங்க, கதவு கண்ணுல படுற சேர எடுங்க, வெக்கப்படாதீங்க. ஏசி ஜாஸ்தியா, ஜன்னல் தொறக்கணுமா, அவங்க இன்னும் கொஞ்சம் தள்ளி உக்காரணுமா, எல்லாத்தையும் சொல்லுங்க. இது உபசாரம் இல்ல, இதுதான் ட்ரீட்மெண்ட்டோட ஆரம்பமே, ஏன்னா அன்னைக்கு நடந்ததுல உங்க இஷ்டத்துக்கு எதுவுமே நடக்கல, இங்க சேர் கூட உங்க இஷ்டம்.

நிறுத்துறதுக்கு ஒரு சைகை முடிவு பண்ணிக்கோங்க. வாய் வராத நேரம் வரும், அதனால கைய தூக்குறது மாதிரி ஏதாவது. முடிவு பண்ணினதும் ஒரு தடவ சும்மாவே தூக்கி பாருங்க, அவங்க உண்மையிலயே நிறுத்துறாங்களான்னு. நான் பண்ணினேன், நம்பிக்கை வந்துச்சு.

இப்போ தலைப்புல சொன்ன விஷயம். ட்ராமா இருக்கிறவங்க யூட்யூப்ல பாத்துட்டு கண்ண மூடி மூச்ச கவனிச்சு உடம்புக்குள்ள போறத ஆரம்பிக்காதீங்க. மத்தவங்களுக்கு அது தூக்கம் வரவைக்கும், நமக்கு அது கிணத்துக்குள்ள எறங்குற மாதிரி ஆகிடும், ஏன்னா உள்ளதான் பாம்பே இருக்கு. மூச்சும் அப்படித்தான், கவனிக்க ஆரம்பிச்சாலே சில பேருக்கு முட்டும். அதனால வெளிய இருந்து ஆரம்பிக்கணும், கண்ண தொறந்துட்டு.

தலைய மெதுவா திருப்பி ரூம பாருங்க, கழுத்தும் சேந்து திரும்பணும், கண்ணு மட்டும் ஓடக்கூடாது. பச்சையா இருக்கிறது மூணு, வட்டமா இருக்கிறது ரெண்டு, கதவு எங்க, ஜன்னல் எங்க. மான் புல்லு தின்னுட்டே அப்பப்போ தலைய தூக்கி சுத்தி பாக்குமே, இங்க ஹ்லுஹ்லுவே காட்டுக்கு போனவங்க பாத்திருப்பீங்க, அதே வேலை. அப்புறம் பாதம். ரெண்டு பாதத்தையும் தரையில வச்சு லேசா அழுத்துங்க, விடுங்க. தரை கெட்டியா இருக்கா, சூடா, செருப்பு எங்க கடிக்குது. அப்புறம் முதுகு சேர்ல எங்க எங்க ஒட்டுது. இவ்ளோதான். நான் மூணு வாரம் இதையேதான் பண்ணினேன், இதுக்கா ஆயிரம் ராண்டுன்னு வீட்டுக்காரர்கிட்ட சண்டையெல்லாம் போட்டேன், ஆனா பின்னாடி உள்ள போறப்போ திரும்பி வர்றதுக்கு ஒரு படிக்கட்டு வேணும்ல, அந்த பாதம்தான் எனக்கு படிக்கட்டு.

பாதம் சில பேருக்கு ஒத்து வராது. கால்ல அடிபட்டவங்க, சர்க்கரையால கால் மரத்தவங்க. அவங்க கையில ஒரு சாவிக்கொத்தோ ருத்திராட்சமோ வச்சு பிடிச்சுக்கலாம், முழங்கை மேசையில படுறத கவனிக்கலாம். எங்க பயமோ வலியோ இல்லையோ அந்த இடம்தான் உங்க இடம். மூக்கு நுனின்னு ஒருத்தர் சொன்னாரு, சிரிச்சோம், அவருக்கு அதுதான் வேலை செஞ்சுது.

தமிழ எடுத்துட்டு போங்க

இங்க தெரபி இங்கிலீஷ்லதான் நடக்கும். "ஹவ் டு யூ ஃபீல்"னு கேட்டா நம்ம வாயில "ஃபைன்" இல்லன்னா "ஸ்ட்ரெஸ்டு", அதுக்கு மேல வண்டி ஓடாது. எனக்கும் அப்படித்தான். ஒரு நாள் என் தெரபிஸ்ட்டே கேட்டாங்க, "உங்க பாஷையில சொல்லுங்க, எனக்கு புரியாட்டி பரவால்ல"ன்னு. நான் யோசிக்காம "ஈரக்குலையே நடுங்குது"ன்னுட்டேன். சொன்ன உடனே கை தானா விலா எலும்புக்கு கீழ போய் நின்னுச்சு, அவங்க "அங்கயா"ன்னு கேட்டாங்க. அங்கதான். ரெண்டு வருஷமா இங்கிலீஷ்ல ஆங்சைட்டின்னு சொல்லிட்டு திரிஞ்சது அவ்ளோ துல்லியமா ஒரு இடத்துல இருந்துச்சு.

நெனச்சு பாருங்க, நம்மகிட்ட எவ்ளோ இருக்கு. வயித்த பிசையுது, வயித்த கலக்குது ரெண்டும் ஒண்ணு இல்ல. நெஞ்சு அடைக்குது, நெஞ்சு பதறுது, நெஞ்சுல பாராங்கல்ல வச்ச மாதிரி இருக்கு, மூணும் வேற வேற. தொண்டைய அடைக்குது, நாக்கு ஒட்டிக்குது, கை கால் ஓடல, உடம்பு கூசுது, முதுகு சில்லுங்குது, மண்டை விண்ணு விண்ணுங்குது, உச்சந்தலையில சுர்ருங்குது, அடிவயித்துல பொசுக்குன்னுச்சு. அப்புறம் நல்லதுக்கும் இருக்கே, வயிறு குளிர்ந்துச்சு, நெஞ்சு லேசாச்சு, உச்சி குளிர்ந்து போச்சு. இந்த வார்த்தைங்கள ஒரு நோட்டுல எழுதி எடுத்துட்டு போங்க. முதல்ல தமிழ்ல சொல்லுங்க, கை எங்க போகுதுன்னு பாருங்க, அப்புறம் இங்கிலீஷ்ல எப்படியோ விளக்குங்க, இறுக்கமா, சூடா, ஓடுதா, நிக்குதா, எவ்ளோ பெருசு. இங்கயே பொறந்து வளந்து தமிழ் அவ்ளோ வராதவங்க கூட ஆயா வாயில கேட்ட வார்த்தை ரெண்டு மூணு கண்டிப்பா இருக்கும், என் நாத்தனாருக்கு தமிழ்ல பேச வராது, ஆனா பயம் வந்தா "வயிறு கலக்குது"ன்னு மட்டும் தமிழ்லதான் வரும்.

ஒண்ணும் தெரியலன்னா "ஒண்ணும் தெரியல"ன்னு சொல்லுங்க, அதுவும் பதில்தான். மரத்து போயிருக்கிறதும் ஒரு உணர்ச்சிதான், எங்க இருந்து எங்க வரைக்கும் மரத்திருக்குன்னு அவங்க கேப்பாங்க.

ரசத்த ஊதி ஊதி குடிக்கிறது

கொதிக்கிற ரசத்த மடக்குன்னு குடிச்சா நாக்கு வெந்துடும், ஊதி ஊதி ஒரு வாய், வச்சுட்டு இன்னொரு வாய். நடந்த சம்பவத்தயும் அப்படித்தான் தொடுவாங்க. லெவின் இதுக்கு டைட்ரேஷன்னு பேரு வச்சிருக்காரு, கெமிஸ்ட்ரி லேப்ல சொட்டு சொட்டா விடுவோமே அந்த வார்த்தை. கொஞ்சூண்டு தொடுறது, உடம்புல என்ன ஆகுதுன்னு பாக்குறது, பாதத்துக்கோ ஜன்னலுக்கோ திரும்பிடுறது, அது அடங்கினதும் மறுபடி கொஞ்சம். அந்த போய் வர்றதுக்கு பேரு பெண்டுலேஷன். என் கேஸ்ல முதல் நாள் தொட்டது துப்பாக்கிய இல்ல, கேட்ட தள்ளுறப்போ கையில பட்ட இரும்போட சூட்ட, அவ்ளோதான். அதுக்கே உள்ளங்கை வேத்துடுச்சு.

டான் சீகல் 1999ல ஒரு வார்த்தை சொன்னாரு, விண்டோ ஆஃப் டாலரன்ஸ், தாங்குற எல்லைன்னு வச்சுக்கோங்க. அதுக்கு மேல போனா படபடப்பு, கத்தல், ஓடணும்போல இருக்கும். அதுக்கு கீழ போனா மந்தம், தூரமா எங்கயோ இருக்கிற மாதிரி, தெரபிஸ்ட் குரல் தகர டப்பாக்குள்ள இருந்து வர்ற மாதிரி கேக்கும். ரெண்டு பக்கமும் வேலை நடக்காது, நடுவுலதான் நடக்கும். மேல போறவங்க சத்தமா தெரிஞ்சுடுவாங்க, கீழ போறவங்க அமைதியா தலையாட்டிட்டு உக்காந்திருப்பாங்க, தெரபிஸ்ட்டே "நல்லா போகுது"ன்னு நினைச்சிடலாம். நம்ம வீட்டு பொண்ணுங்க இதுல கெட்டிக்காரங்க, உள்ள இடிஞ்சு விழுந்தாலும் முகத்துல காட்டாம டீ ஊத்துவாங்க. அதனால கீழ போறப்போ நீங்கதான் சொல்லணும், "நான் தூரமா போறேன்"னு.

என் கால் கதைய முடிச்சிடுறேன். ஏழாவது மாசமோ எட்டாவது மாசமோ, உக்காந்திருந்தப்போ கால் விறைச்சுது, அவங்க "அந்த கால் என்ன பண்ண பாக்குது, பண்ண வேணாம், பாக்குதுன்னு மட்டும் கவனிங்க"ன்னாங்க. கவனிச்சா அது முன்னாடி உதைக்க பாக்கல, ரோட்டுக்கு ஓடவும் பாக்கல, பின்னாடி, வீட்டுப் பக்கம் திரும்ப பாத்துச்சு. என் பொண்ணு அன்னைக்கு வீட்டு ஜன்னல்ல நின்னு பாத்துட்டு இருந்தா, பர்க்லர் கார்ட (ஜன்னல் கம்பிய) பிடிச்சுக்கிட்டு. அது எனக்கு தெரியும், எத்தனையோ தடவ சொல்லியும் இருக்கேன், கால் அத நோக்கி போக பாத்துச்சுன்னு தெரியாது. எந்திரிச்சு, ரொம்ப மெதுவா, அரை நிமிஷம் எடுத்து ஒரே ஒரு அடி அந்த பக்கம் எடுத்து வச்சேன். தொடை நடுங்குச்சு, கண்ணு தண்ணி விட்டுச்சு, கொட்டாவி வந்துச்சு, முடிஞ்சுது. அன்னையில இருந்து கால் குணமாயிடுச்சுன்னு எழுதினா படிக்க நல்லாருக்கும், ஆனா அப்படி இல்ல, அதுக்கப்புறமும் வந்துச்சு, கொறஞ்சு கொறஞ்சு வந்துச்சு, இப்பவும் ராத்திரி மழையில ரோபோல தனியா நின்னா லேசா எட்டி பாக்கும். நான் பாதத்த அழுத்துவேன், அது போகும்.

நடுக்கம் வந்தா பயப்படாதீங்க, அடக்கவும் வேணாம், தூண்டி விடவும் வேணாம். மான் வேட்டை மிருகத்துகிட்ட இருந்து தப்பிச்சதும் உடம்ப உதறி பயத்த வெளிய தள்ளிடும்னு லெவின் சொல்ற கதைய எல்லா வொர்க்ஷாப்லயும் சொல்லுவாங்க, கேக்க அழகா இருக்கும், ஆராய்ச்சி ஆதாரம் அதுக்கு ரொம்ப பலவீனம், அதனால நடுங்கினாதான் குணமாகும்னு யாரும் வெரட்டினா தலையாட்டாதீங்க.

உண்மையில எவ்ளோ வேலை செய்யுது

நேர்மையா சொல்லணும்ல. உலக சுகாதார நிறுவனம் (டபிள்யூஎச்ஓ) 2013 வழிகாட்டியில பி.டி.எஸ்.டி.க்கு (அதிர்ச்சிக்கு அப்புறம் அந்த அலாரம் அணையாம நோயாவே ஆகிடுறதுக்கு பேரு) முக்கியமா சொன்னதுல ட்ராமாவ மையமா வச்ச சிபிடியும் (நினைப்பையும் நடந்துக்கிறதையும் மாத்துற பேச்சு தெரபி) ஈஎம்டிஆரும் இருக்கு. ஈஎம்டிஆர் 1987ல ஃப்ரான்சின் ஷபிரோ கண்டுபிடிச்சது, கண்ண அங்கயும் இங்கயும் ஓட்டுவாங்க, அதுலயும் உடம்புல எங்க தெரியுதுன்னு கேப்பாங்க. சொமாட்டிக் எக்ஸ்பீரியன்சிங்க 2017ல இஸ்ரேல்ல 63 பேர வச்சு, 15 செஷன் குடுத்து பாத்ததுல நல்ல பலன் தெரிஞ்சுது, ஆனா 63 பேர்ங்கறது சின்ன எண்ணிக்கை. பெசல் வான் டர் கோக் குழு 2014ல வெளியிட்டதுல மத்த ட்ரீட்மெண்ட் கேக்காத 64 பெண்கள் இருந்தாங்க, 10 வாரம் யோகா பண்ணினவங்கள்ல பாதிப் பேருக்கு, 31ல 16 பேருக்கு, பி.டி.எஸ்.டி. அளவுகோலுக்கு கீழ வந்துடுச்சு, யோகாவுக்கு பதிலா உடல்நல வகுப்புல உக்காந்தவங்கள்ல 29ல 6 பேருக்குத்தான். அந்த யோகா நம்ம ஹால்ல "இன்னும் குனி, இன்னும் குனி"ன்னு கத்துற யோகா இல்ல, ஆசிரியர் தொட மாட்டாங்க, எது வேணுமோ அத பண்ணு வேணாம்னா விடுன்னு சொல்லுற யோகா.

அதனால என் கருத்து, உடம்பு வேலைய தனியா ஒரு மதம் மாதிரி பிடிச்சுக்காம, சிபிடியோ ஈஎம்டிஆரோ பண்ற தெரபிஸ்ட் உடம்பையும் கவனிக்க தெரிஞ்சவரா இருந்தா அதுதான் பெஸ்ட். டாக்டர் மாத்திர குடுத்திருந்தா அதையும் நீங்களா நிறுத்தாதீங்க. வேகஸ் நரம்பு (மூளையில இருந்து நெஞ்சு, வயிறு வரைக்கும் போறது), பாலிவேகல்னு யாராவது வகுப்பெடுத்தா கேட்டுக்கோங்க, ஸ்டீவன் போர்ஜஸ் 1994ல சொன்ன அந்த தியரி மேல விஞ்ஞானிங்களுக்குள்ள இன்னும் சண்டை ஓடுது, பாதத்த அழுத்துறதுக்கு அந்த சண்டை முடியணும்னு அவசியம் இல்ல.

நம்ம வீடு, நம்ம கோயில்

தீபாவளி வெடி, நவம்பர் 5 கை ஃபாக்ஸ் (இங்கிலீஷ்காரங்க வழக்கம்) வெடி, ரெண்டும் சில வருஷம் அடுத்தடுத்தே வரும், துப்பாக்கி சத்தம் கேட்டவங்களுக்கு அந்த வாரம் நரகம். தெரபிஸ்ட்கிட்ட முன்கூட்டியே சொல்லி அந்த வாரத்துக்கு திட்டம் போடுங்க, யார் வீட்ல இருக்கிறது, எந்த ரூம்ல, காதுல என்ன மாட்டுறது. காவடிக்கும் அதே மாதிரி, தவிலும் உடுக்கையும் பக்கத்துல அடிக்கிறப்போ சில பேருக்கு உடம்பு தாங்காது, ஓரமா, வெளிய போற வழிகிட்ட நில்லுங்க, முருகன் கோச்சுக்க மாட்டாரு. அருள் வர்றதும் ட்ராமாவுல தூரமா போறதும் வெளிய பாத்தா ஒரே மாதிரி தெரியலாம், ரெண்டும் ஒண்ணுன்னு எந்த தெரபிஸ்ட்டும் உங்களுக்கு பாடம் எடுக்க வேணாம், அதே நேரம் வீட்ல பொண்ணு வெறிச்சு பாத்துட்டு பதில் சொல்லாம இருந்தா அம்மன் வந்திருக்கான்னு தேங்காய் உடைக்கவும் வேணாம்.

வீட்ல இருக்கிறவங்களுக்கு: "அதையே நெனச்சுட்டு இருக்காத"ன்னு சொல்லாதீங்க, அவங்க நெனைக்கல, அதுவா வருது. பின்னாடி இருந்து தொடாதீங்க, பேர சொல்லி கூப்பிட்டு முன்னாடி வந்து நில்லுங்க. விறைச்சு நிக்கிறப்போ உலுக்காதீங்க, "இது சாட்ஸ்வொர்த், இன்னைக்கு செவ்வாய்க்கிழமை, நான் உன் பக்கத்துல இருக்கேன், தரைய மிதி"ன்னு சாதாரண குரல்ல சொல்லுங்க. என் வீட்டுக்காரர் இத கத்துக்க ஆறு மாசம் ஆச்சு, இப்போ அவங்க அம்மாவுக்கும் அவர்தான் சொல்றாரு, கதவு தட்டினா "அம்மா, நம்ம வீட்டு போஸ்ட் பையன்தான், காலை ஊனிக்கோங்க"ன்னு, அந்தம்மா "தெரியும்டா"ன்னு முறைப்பாங்க, ஆனா ஊனிக்குவாங்க.

வீட்ல தினமும் பண்றதுக்கு ரெண்டு நிமிஷம் போதும், காலையில டீ கொதிக்கிற நேரம். சுத்தி பாக்குறது, பாதம், ஒரு தமிழ் வார்த்தை. சம்பவத்த வீட்ல தனியா உக்காந்து கிளறாதீங்க, அது அந்த ரூமுக்குள்ள மட்டும்.

செஷன் முடிஞ்ச உடனே வண்டிய எடுக்காதீங்க. பத்து நிமிஷம் கார் பார்க்ல கதவ லாக் பண்ணிட்டு உக்காருங்க, தண்ணி குடிங்க, பையில ஒரு வாழைப்பழமோ முறுக்கோ வச்சுக்கோங்க, மெல்லுறப்போ தாடை இறங்கும். அன்னைக்கு ராத்திரி கனவு வரலாம், மறுநாள் அடிச்சு போட்ட மாதிரி உடம்பு வலிக்கலாம், ரெண்டு நாளுக்கு மேல போனா அடுத்த வாரம் வரைக்கும் காத்திருக்காம போன் பண்ணி "போன தடவ ஜாஸ்தியா போயிட்டோம்"னு சொல்லுங்க, அடுத்த செஷன்ல சொட்ட இன்னும் சின்னதா ஆக்குவாங்க. செஷன் நாள்ல மாமியார் வீட்டு விருந்து, பேங்க் வேலை எதுவும் வச்சுக்காதீங்க. நான் வெள்ளிக்கிழமை மூணு மணிக்கு வச்சிருந்தேன், பெரிய தப்பு, திரும்பி வர்றப்போ வழியெல்லாம் டிராஃபிக், ஒவ்வொரு ரோபோவும் செவப்பு. செவ்வாய் காலைக்கு மாத்தினேன்.